அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் வன்முறைக்கு ஆளான மனைவியரும் நிரந்தர வசிப்புரிமையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மணம் புரிந்து அயல்நாடு செல்லும் பெண்ணுக்கு அங்கு இருவகை உறவுகள் அமைகின்றன. ஒன்று, கணவனோடு உள்ள மண உறவு. மற்றொன்று, அந்நாட்டு அரசோடு ஏற்படும் சட்ட உறவு. இரண்டாவது உறவு பெரும்பாலும் முதலாவதன் வழியாகவே பிறக்கிறது. கணவன் அந்நாட்டுக் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவனாகவோ இருப்பின், அவன் அளிக்கும் மனுவின் பேரில் மனைவி அந்நாட்டில் வாழும் உரிமையைப் பெறுகிறாள். இல்லறம் நல்லறமாக நடக்கும்வரை இப்பிணைப்பு யாருடைய கண்ணுக்கும் புலப்படுவதில்லை. வீட்டினுள் வன்முறை புகும்போதுதான், மண உறவை விட்டு விலகினால் நாட்டையும் விட்டு விலக நேரும் என்ற உண்மை அப்பெண்ணுக்குத் தெரிய வருகிறது.

புலம்பெயர்ந்தோர் வாழ்வையும் இலக்கியத்தையும் ஆராய்வோர் தாயக ஏக்கம், அடையாளச் சிக்கல், தலைமுறை இடைவெளி முதலியவற்றை விரிவாகப் பேசுகின்றனர். அவ்வாழ்வின் அடித்தளமாக விளங்கும் குடியேற்றச் சட்டங்களும் அவ்வகை ஆய்வுகளில் இடம்பெறுதல் வேண்டும். இக்கட்டுரை, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியேற்றச் சட்டத்தில் வன்முறைக்கு ஆளான வாழ்க்கைத்துணைக்குக் காப்பு அளிக்கும் விதிகள் தோன்றி வளர்ந்த வரலாற்றை நிரல்பட ஆராய்கிறது. மனு செய்யும் உரிமை எவர் கையில் உள்ளது என்பதே இவ்வரலாற்றின் மையக் கேள்வி. 1994-இல் அவ்வுரிமையில் ஒரு பங்கு மனைவியின் கைக்கு வந்தது. எனினும், அவளுக்குக் கிடைக்கும் காப்பின் அளவை இன்றும் பெரிதும் தீர்மானிப்பது அவள் பட்ட துன்பம் அன்று. கணவனின் குடியேற்றத் தகுதியே என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

கணவன்வழிக் குடியுரிமை

மணமான பெண்ணின் சட்ட இருப்பு கணவனின் இருப்புக்குள் அடங்கிவிடுகிறது என்பது ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் பழைய கோட்பாடு. பதினெட்டாம் நூற்றாண்டில் பிளாக்ஸ்டோன் தம் சட்ட விளக்கவுரையில் இக்கோட்பாட்டைத் தெளிவுறுத்தினார். சொத்துரிமையிலும் ஒப்பந்த உரிமையிலும் இக்கோட்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் படிப்படியாகத் தளர்ந்தது. ஆயின் குடியுரிமைச் சட்டத்தில் அது மேலும் இறுகியது.

1855-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், குடிமகன் ஒருவனை மணக்கும் அயல்நாட்டுப் பெண், குடியுரிமை பெறத் தகுதியுடையவளாயின், மணத்தாலேயே குடியுரிமை பெறுவாள் என்றது. 1907-ஆம் ஆண்டின் சட்டம் இதன் மறுதலையாக அமைந்தது. அயல்நாட்டானை மணக்கும் அமெரிக்கப் பெண் கணவனின் குடியுரிமையை ஏற்பாள். தன் குடியுரிமையை இழப்பாள் என அது விதித்தது. கலிபோர்னியாவில் பிறந்து அங்கேயே வாழ்ந்த ஒரு பெண், பிரித்தானியக் குடிமகனை மணந்த காரணத்தால் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள இயலாமற் போயிற்று. அவர் தொடுத்த வழக்கில் 1915-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

பெண்கள் வாக்குரிமை பெற்ற பின்னர், 1922-இல் கேபிள் சட்டம் நிறைவேறியது. மணமான பெண்ணுக்குத் தனிக் குடியுரிமை உண்டு என்ற நெறியை இச்சட்டம் ஏற்றது. ஆயினும் அதில் ஒரு விலக்கு இருந்தது. குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலானை மணக்கும் பெண் தொடர்ந்து தன் குடியுரிமையை இழந்தாள். ஆசிய இனத்தவரை நோக்கியே இவ்விலக்கு அமைந்தது. 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர் குடியுரிமைச் சட்டம் குறிப்பிடும் வெள்ளையர் ஆகார் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, இந்தியரை மணந்த அமெரிக்கப் பெண்களும் இவ்விலக்குக்குள் வந்தனர். 1931-இல் இவ்விலக்கு நீங்கியது. இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை பெறும் வாய்ப்பு 1946-ஆம் ஆண்டின் லூஸ்–செல்லர் சட்டத்தால் ஏற்பட்டது.

கேபிள் சட்டத்தின் மற்றொரு விளைவும் இங்கு நோக்கத்தக்கது. அமெரிக்கப் பெண்ணின் குடியுரிமையை மணத்திலிருந்து விடுவித்த அதே சட்டம், அமெரிக்கரை மணந்து வரும் அயல்நாட்டுப் பெண்ணுக்கு மணத்தால் தானே கிடைத்துவந்த குடியுரிமையையும் நீக்கியது. அவள் இனி அயலாளாகவே நாட்டினுள் நுழைய வேண்டும். அந்நுழைவுக்கு வழி எது என்ற கேள்விக்கு அடுத்துவந்த குடியேற்றச் சட்டங்கள் விடை கூறின.

மனுவும் மனுதாரரும்

1924-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் நாடுவாரியாக எண்ணிக்கை வரம்பு விதித்தது. அமெரிக்கக் குடிமகனின் மனைவிக்கு அவ்வரம்பிலிருந்து விலக்கு அளித்தது. அவ்விலக்கைப் பெறக் குடிமகனாகிய கணவன் அரசிடம் மனு அளித்தல் வேண்டும். குடிமகளாகிய மனைவி தன் அயல்நாட்டுக் கணவனுக்காக அதே உரிமையைக் கோர இயலவில்லை. 1952-ஆம் ஆண்டின் குடியேற்ற, குடியுரிமைச் சட்டமே ஆண், பெண் என்ற வேறுபாட்டை நீக்கி, ‘வாழ்க்கைத்துணை’ என்ற பொதுச் சொல்லை ஆண்டது.

1965-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் நாடுவாரி இன ஒதுக்கீட்டை ஒழித்து, குடும்ப ஒன்றிணைப்பைக் குடியேற்றக் கொள்கையின் முதன்மை நோக்கங்களுள் ஒன்றாக்கியது. குடிமக்களின் வாழ்க்கைத்துணைக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. ‘கிரீன் கார்டு’ என வழங்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றோரின் வாழ்க்கைத்துணையோ முன்னுரிமைப் பட்டியலின் இரண்டாம் வரிசையில் வைக்கப்பட்டார். அவ்வரிசைக்கு ஆண்டு வரம்பு இருந்தமையால் காத்திருக்கும் காலம் நீண்டது.

இவ்வமைப்பில் மனுதாரர் என்பவர் குடியேற விரும்புபவர் அல்லர். அவருக்காக மனு அளிக்கும் கணவனோ மனைவியோ ஆவார். மனு அளிப்பதும் அளிக்காதிருப்பதும் அவர் விருப்பம். வசிப்புரிமை கிடைக்கும்வரை மனுவைத் திரும்பப் பெறுவதும் அவர் விருப்பமே. சட்டத்தின் சொற்கள் ஆண், பெண் இருவருக்கும் பொதுவானவை. நடைமுறையிலோ வேலை, கல்வி ஆகியவற்றின் பொருட்டு முன்னர்ச் சென்றவர் கணவனாகவும், பின்னர் மணவழிச் சென்றவர் மனைவியாகவும் அமைந்த குடும்பங்களில், பழைய பொதுச் சட்டம் கணவனுக்கு அளித்த அதிகாரம் மனுவின் வடிவில் மீண்டும் அவனிடம் வந்து சேர்ந்தது. மனு அளிக்காமலே காலம் கடத்துதல், அளித்த மனுவைத் திரும்பப் பெறுவதாக மிரட்டுதல், கடவுச்சீட்டை மறைத்து வைத்தல், குடியேற்றத் துறையிடம் காட்டிக் கொடுப்பதாக அச்சுறுத்துதல் ஆகியன வன்முறையின் கருவிகளாயின.

1986: ஐயத்தின் அடிப்படையில் ஒரு சட்டம்

1980-களில் வசிப்புரிமைக்காகவே செய்யப்படும் போலி மணங்கள் குறித்த கவலை அமெரிக்க அரசியலில் மிகுந்தது. 1985-இல் செனட் துணைக்குழு முன் கருத்துரைத்த குடியேற்றத் துறை, மணவழி விண்ணப்பங்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஐயத்துக்குரியவை என்றது. அம்மதிப்பீட்டுக்கு முறையான புள்ளியியல் அடிப்படை இல்லை என்பது பின்னர் நீதிமன்ற வழக்கொன்றில் வெளிப்பட்டது. அதற்குள் சட்டம் நிறைவேறிவிட்டது.

1986 நவம்பரில் நடைமுறைக்கு வந்த குடியேற்ற மண மோசடித் திருத்தச் சட்டம், மணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் வசிப்புரிமை பெறும் வாழ்க்கைத்துணைக்கு ‘நிபந்தனை வசிப்புரிமை’ மட்டுமே அளித்தது. அதன் காலம் இரண்டு ஆண்டுகள். அக்காலம் முடிவதற்கு முந்தைய 90 நாள்களுக்குள் கணவனும் மனைவியும் கூட்டாக மனு அளித்து, நேர்காணலுக்கும் வந்தால்தான் நிபந்தனை நீங்கும். கூட்டு மனு இல்லையெனில் வசிப்புரிமை முடிவுறும். நாடு கடத்தும் நடவடிக்கை தொடங்கும்.

இச்சட்டம் இரண்டு விலக்குகளை அளித்தது. நாடு கடத்தப்பட்டால் மிகக் கடுமையான இன்னல் நேரும் என நிறுவுதல் ஒன்று. நல்லெண்ணத்தோடு செய்துகொண்ட மணத்தைத் தக்க காரணத்தோடு தானே முறித்துக்கொண்டதாக நிறுவுதல் மற்றொன்று. வீட்டை விட்டு வெளியேறிய பெண்ணுக்கு மணமுறிவு வழக்குத் தொடுக்கப் பணம் இராது. கணவன் முந்திக்கொண்டு வழக்குத் தொடுத்துவிட்டால், மணத்தை முறித்தவன் அவனே ஆவதால் இரண்டாம் விலக்கும் அவளுக்குப் பயன்படாது. ஆகவே, மோசடியைத் தடுக்க எழுந்த சட்டம், மோசடி ஏதும் செய்யாத பெண்ணை இரண்டு ஆண்டுகள் கணவனின் கையொப்பத்துக்குக் கட்டுப்பட்டவளாக்கியது. அடி, உதை, பட்டினி எதுவாயினும் அவ்விரண்டு ஆண்டுகளைப் பொறுத்துக் கழிப்பதே அவளுக்கு முன் இருந்த வழியாயிற்று.

பெண்கள் அமைப்புகளும் 1990-ஆம் ஆண்டின் திருத்தமும்

இக்காலத்தில்தான் அமெரிக்காவில் தெற்காசியப் பெண்களுக்கான அமைப்புகள் தோன்றின. 1985-இல் நியூ செர்சியில் ‘மானவி’யும், 1989-இல் நியூயார்க்கில் ‘சகி’யும் தொடங்கப்பெற்றன. வெற்றிபெற்ற முன்மாதிரிச் சமூகம் என்று பெயரெடுத்திருந்த இந்தியச் சமூகத்தினுள் குடும்ப வன்முறை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவே தயக்கம் இருந்த காலம் அது. மொழி அறியாமை, உறவினர் அருகில் இன்மை, ஊரார் பேச்சுக்கு அஞ்சுதல் ஆகியவற்றோடு, வசிப்புரிமை பற்றிய அச்சமும் பெண்களைப் பேசவிடாமல் தடுத்தது. காவல்துறையை அழைத்தால் தன்னையே நாடு கடத்திவிடுவர் என்று நம்பிய பெண்ணுக்கு, அடைக்கலம் அளிப்பதோடு குடியேற்றச் சட்ட உதவியும் தேவைப்பட்டது. இலத்தீன் அமெரிக்க, ஆசியச் சமூகங்களிடையே பணியாற்றிய பிற அமைப்புகளும் வழக்கறிஞர்களும் இதே நிலையைக் கண்டனர்.

இவர்களது வற்புறுத்தலின் பயனாக 1990 நவம்பரில் நிறைவேறிய குடியேற்றச் சட்டம் மூன்றாவதாக ஒரு விலக்கைச் சேர்த்தது. நல்லெண்ணத்தோடு மணம் புரிந்து, மணவாழ்வில் அடிக்கோ கடுங்கொடுமைக்கோ ஆளான நிபந்தனை வசிப்பாளர், கணவனின் கையொப்பம் இன்றியே நிபந்தனையை நீக்கக் கோரலாம். மணமுறிவை அவளே கோரியிருத்தல் வேண்டும் என்ற விதியும் நீங்கியது. கொடுமைக்கு ஆளானவர் என்ற பிரிவு குடியேற்றச் சட்டத்தினுள் இடம்பெற்ற தொடக்கம் இதுவாதலின் இத்திருத்தம் வரலாற்றுச் சிறப்புடையது.

சட்டம் திறந்த கதவை விதிமுறை ஓரளவு மூடியது. 1991-இல் குடியேற்றத் துறை வெளியிட்ட விதிமுறை, மனத்தளவிலான கடுங்கொடுமையை நிறுவ உரிமம் பெற்ற உளநல வல்லுநரின் மதிப்பீட்டுச் சான்று வேண்டும் என்றது. ஆங்கிலம் அறியாத, கையில் பணம் இல்லாத பெண்ணுக்கு அத்தகைய சான்று எட்டாக்கனியாக இருந்தது. மேலும், இவ்விலக்கு முன்னரே நிபந்தனை வசிப்புரிமை பெற்றோர்க்கு மட்டுமே பயன்பட்டது. கணவன் மனுவே அளிக்காமல் விட்டுவைத்த பெண்ணுக்கு இதனால் யாதொரு பயனும் இல்லை.

1994: தன்மனு

1994 செப்டம்பர் 13 அன்று குடியரசுத் தலைவர் கிளிண்டன் கையொப்பமிட்ட குற்றத் தடுப்புச் சட்டத்தின் ஒரு பகுதியாகப் ‘பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டம்’ அமைந்தது. செனட்டில் இதனை முன்னின்று கொணர்ந்தவர் சோசப் பைடன். இச்சட்டம் குடியேற்ற முறையில் புதியதொரு வழியை ஏற்படுத்தியது. அமெரிக்கக் குடிமகனாலோ நிரந்தர வசிப்பாளராலோ கொடுமைக்கு ஆளான வாழ்க்கைத்துணையும் பிள்ளைகளும் தமக்காகத் தாமே மனு அளிக்கலாம். இதனைத் ‘தன்மனு’ எனலாம். பிறர் பொருட்டுப் பிறர் அளிப்பது என்ற மனுவின் பழைய இலக்கணம் இங்கு மாறுகிறது. மனுதாரரும் பயன் பெறுபவரும் ஒருவரே ஆகின்றனர். மனு அளித்த செய்தி கணவனுக்குத் தெரிய வேண்டியதும் இல்லை.

தன்மனுவுக்குச் சில தகுதிகள் வகுக்கப்பட்டன. மணம் நல்லெண்ணத்தோடு நடந்திருத்தல், கணவனோடு ஒரே இல்லத்தில் வாழ்ந்திருத்தல், கொடுமைக்கு ஆளாகியிருத்தல், நன்னடத்தை, நாடு கடத்தப்பட்டால் மிகக் கடுமையான இன்னல் நேர்தல் ஆகியன அவை. சான்று குறித்த விதி தனிச்சிறப்புடையது. நம்பத்தக்க எவ்வகைச் சான்றையும் துறை கருத்தில் கொள்ளல் வேண்டும் எனச் சட்டமே கூறியது. காவல்துறை அறிக்கை இல்லாவிடினும், அண்டை வீட்டாரின் வாக்குமூலம், மருத்துவமனைக் குறிப்பு, அடைக்கல இல்லத்தின் கடிதம், அப்பெண்ணின் சொந்த வாக்குமூலம் ஆகியவை சான்றாகலாம். 1991-ஆம் ஆண்டின் விதிமுறை ஏற்படுத்திய தடை இதனால் தகர்ந்தது. வீட்டின் நான்கு சுவர்களுக்குள் நிகழும் கொடுமைக்கு ஆவணம் அரிதாகவே இருக்கும் என்ற நடைமுறை உண்மையைச் சட்டம் ஏற்றுக்கொண்டமைக்கு இவ்விதி சான்றாகும்.

குறைகளும் இருந்தன. மனு அளிக்கும் முன்னரே மணமுறிவு நிகழ்ந்துவிட்டால் தன்மனு அளிக்க இயலாது. இதனை அறிந்த கணவன் விரைந்து மணமுறிவு பெற்று மனைவியின் வழியை அடைத்துவிடலாம். குடிமகனின் மனைவிக்கும் நிரந்தர வசிப்பாளரின் மனைவிக்கும் இடையிலான பழைய வேறுபாடும் தொடர்ந்தது. முன்னவள் தன்மனு ஏற்கப்பட்டவுடன் வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். பின்னவள் முன்னுரிமை வரிசையில் தன் முறை வரும்வரை காத்திருத்தல் வேண்டும். பட்ட அடி ஒன்றாக இருப்பினும் அடித்தவனின் தகுதியால் காப்பின் காலம் வேறுபட்டது.

1996, 2000: முரண்பாடும் தீர்வும்

1996 செப்டம்பரில் நிறைவேறிய குடியேற்றச் சீர்திருத்தச் சட்டம் மிகக் கடுமையானது. எனினும் அதில் கொடுமைக்கு ஆளானோர்க்கு உதவும் பிரிவு ஒன்றும் இருந்தது. கொடுமை செய்தவர் தரும் தகவலை மட்டுமே கொண்டு, கொடுமைக்கு ஆளானவருக்கு எதிராக முடிவெடுத்தல் ஆகாது. அவரது விண்ணப்பம் பற்றிய செய்தியைப் பிறருக்கு வெளியிடுதலும் ஆகாது என அது அலுவலர்களுக்குக் கட்டளையிட்டது. மீறுவோர்க்கு 5,000 டாலர் வரை தண்டம் விதிக்கவும் இடமளித்தது.

அதே சட்டம் நிரந்தர வசிப்பாளர் தொடர்பாகப் புதிய விதியொன்றையும் கொணர்ந்தது. குடும்ப வன்முறைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவரும், நீதிமன்றத்தின் பாதுகாப்பு ஆணையை மீறியவரும், குடிமக்கள் அல்லராயின், நாடு கடத்தப்படலாம் என்பது அவ்விதி. பல்லாண்டுகள் வாழ்ந்த நிரந்தர வசிப்பாளருக்கும் இது பொருந்தும். நிரந்தரம் என்ற சொல் குடியேற்றச் சட்டத்தில் நிபந்தனைக்கு உட்பட்டது என்பதை இவ்விதி வெளிப்படுத்துகிறது.

இவ்விதியால் எதிர்பாராத முரண்பாடு ஒன்று எழுந்தது. நிரந்தர வசிப்பாளராகிய கணவன் மீது மனைவி புகார் அளித்து, அவன் தண்டிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டால், அவனது வசிப்புரிமையோடு அவளது தன்மனுவின் அடிப்படையும் அழியும். கணவனைக் காவல்துறையிடம் ஒப்படைக்கும் பெண் தன் எதிர்காலத்தையும் சேர்த்தே ஒப்படைக்க வேண்டியவளானாள். வேறு சிலர், தற்காப்புக்காகத் திருப்பித் தாக்கியபோது தாமும் கைது செய்யப்பட்டு, அதே விதியால் நாடு கடத்தும் நடவடிக்கைக்கு உள்ளாகும் நிலையும் இருந்தது.

2000 அக்டோபர் 28 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம் இம்முரண்பாடுகளைத் தீர்க்க முயன்றது. அதன் முதன்மையான மாற்றங்கள் வருமாறு:

அ. கொடுமையோடு தொடர்புடைய மணமுறிவுக்குப் பின்னரும் இரண்டு ஆண்டுகளுக்குள் தன்மனு அளிக்கலாம்.

ஆ. குடும்ப வன்முறை நிகழ்ச்சியின் காரணமாகக் கணவன் தன் வசிப்புரிமையையோ குடியுரிமையையோ இழந்தாலும், இரண்டு ஆண்டுகளுக்குள் மனைவி தன்மனு அளிக்கலாம்.

இ. மிகக் கடுமையான இன்னலை நிறுவுதல் வேண்டும் என்ற தகுதி தன்மனுவிலிருந்து நீக்கப்பட்டது.

ஈ. கணவனுக்கு ஏற்கெனவே வேறு மனைவி இருந்தமையை அறியாது, மணம் செல்லும் என நம்பி மணந்த பெண்ணும் தன்மனு அளிக்கலாம்.

உ. கொடுமை அமெரிக்காவில் நிகழ்ந்திருப்பின், வெளிநாட்டிலிருந்தும் தன்மனு அளிக்கலாம்.

ஊ. உறவில் வன்முறையின் முதன்மைக் காரணராக இல்லாதவர், தற்காப்பு முதலிய காரணத்தால் தண்டிக்கப்பட்டிருப்பின், நாடு கடத்தலிலிருந்து விலக்குக் கோரலாம்.

எ. குடிமகனின் கொடுமை காரணமாக வசிப்புரிமை பெற்றவர், வழக்கமான ஐந்து ஆண்டுகளுக்கு மாறாக, மூன்று ஆண்டுகளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

இதே சட்டம் ‘யு விசா’ என்னும் புதிய வகையையும் தோற்றுவித்தது. குடும்ப வன்முறை உள்ளிட்ட குறிப்பிட்ட குற்றங்களால் பாதிக்கப்பட்டு, புலனாய்வுக்கு உதவுபவர்க்கு இது உரியது. குற்றம் புரிந்தவரின் குடியேற்றத் தகுதியை இவ்விசா கேட்பதில்லை. மணமாகியிருத்தலும் தேவையில்லை. அவ்வகையில், துன்பத்தையே அடிப்படையாகக் கொண்ட காப்பு இது எனலாம். ஆனால் இதற்கு ஈராண்டுக்குள் விதிமுறை வரவில்லை. 2007 செப்டம்பரில்தான் வெளியிடப்பட்டது. விசாவைக் கோருபவர், காவல்துறை அல்லது அதையொத்த அமைப்பின் சான்றிதழைப் பெறுதல் கட்டாயம். முதன்மை விண்ணப்பதாரர்க்கு ஆண்டொன்றுக்கு 10,000 விசாக்கள் என்பது சட்டம் விதித்த வரம்பு. 2010 நிதியாண்டில் முதன்முறையாக அவ்வரம்பு எட்டப்பட்டது. அதன்பின் விண்ணப்பங்கள் குவிந்து, காத்திருக்கும் காலம் பல ஆண்டுகளாக நீண்டது.

சார்பு விசாவும் இந்தியப் பெண்களும்

இதுவரை கூறிய தன்மனு, கணவன் குடிமகனாகவோ நிரந்தர வசிப்பாளராகவோ இருந்தால் மட்டுமே பயன்படும். 1990-களின் இறுதியில் தகவல் தொழில்நுட்பத் துறையின் வளர்ச்சியோடு இந்தியாவிலிருந்து ‘எச்-1பி’ வேலை விசாவில் சென்றோர் பெருகினர். தமிழகத்துப் பொறியாளர்களும் இவர்களுள் அடங்குவர். அவர்தம் மனைவியர் ‘எச்-4’ எனப்படும் சார்பு விசாவில் சென்றனர். அவ்விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. கணவன் வேலையை இழந்தாலும், மணமுறிவு நிகழ்ந்தாலும் அவ்விசாவின் அடிப்படை நீங்கிவிடும். கணவன் தற்காலிக விசாவில் இருப்பவனாதலின், அவன் மனைவிக்குத் தன்மனுவும் இல்லை.

இச்சிக்கல் இந்தியர்க்கு மிகுதி. வேலைவழி வசிப்புரிமையில் எந்தவொரு நாட்டில் பிறந்தவரும் ஆண்டு மொத்தத்தில் 7 விழுக்காட்டுக்கு மேல் பெறலாகாது என்ற பொது வரம்பு 1990-ஆம் ஆண்டின் சட்டத்தில் உள்ளது. விண்ணப்பிக்கும் இந்தியர் எண்ணிக்கை இவ்வரம்பை விடப் பன்மடங்கு மிகுதியாதலின், அவர்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்க நேர்கிறது. கணவன் வரிசையில் நிற்கும் அக்காலம் முழுவதும் மனைவி தன்மனுவின் எல்லைக்கு வெளியே நிற்கிறாள். நாடுவாரி வரம்பு குறித்த பொருளாதார விவாதங்களில் இவ்விளைவு அரிதாகவே பேசப்படுகிறது.

2006 சனவரியில் கையொப்பமான 2005-ஆம் ஆண்டின் மறுநிறைவேற்றச் சட்டம், எச் வகை உள்ளிட்ட சில தற்காலிக விசாக்களில் கணவனைச் சார்ந்து வந்து கொடுமைக்கு ஆளானோர்க்கு வேலை அனுமதி வழங்கலாம் என்றது. அவ்வனுமதிக்கு விண்ணப்பிக்கும் தனிப் படிவம் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. சட்டத்துக்கும் படிவத்துக்கும் இடையே பதினோர் ஆண்டுகள் கழிந்தன. இதற்கிடையே 2015-இல், கணவனின் வசிப்புரிமைக்கான முதற்கட்ட மனு ஏற்கப்பட்ட எச்-4 விசாதாரர்க்கு வேலை அனுமதி அளிக்கும் பொது விதி ஒன்று வந்தது. இவை ஓரளவு பொருளாதார விடுதலைக்கு வழிவகுத்தன. ஆயினும் வேலை அனுமதி வேறு, வசிப்புரிமை வேறு. சம்பாதிக்கலாம், நிலையாகத் தங்கலாம் என்ற உறுதி இல்லை. அவ்வுறுதியை நாடும் எச்-4 மனைவிக்கு யு விசா ஒரு வழியாகும். அதற்கும் கணவன் மீது காவல்துறையில் புகார் அளித்தல், சான்றிதழ் பெறுதல், பல்லாண்டுக் காத்திருப்பு ஆகியவற்றைக் கடத்தல் வேண்டும்.

2005-ஆம் ஆண்டின் சட்டம், குடிமக்களாகிய மகன் அல்லது மகளால் கொடுமைக்கு ஆளாகும் பெற்றோரும் தன்மனு அளிக்க வகை செய்தது. பேறுகாலத்துக்கும் பேரப்பிள்ளைகளைப் பேணுவதற்கும் கடல் கடந்து செல்லும் பெற்றோர் நிறைந்த இந்தியச் சமூகத்துக்கு இது தொடர்பற்ற விதி அன்று.

கைவிடப்படுதலும் வசிப்புரிமை இழப்பும்

வன்முறையின் வடிவங்களுள் ஒன்று, மனைவியை விடுமுறைக்கென்று தாய்நாட்டுக்கு அழைத்து வந்து, கடவுச்சீட்டையும் வசிப்புரிமை அட்டையையும் எடுத்துக்கொண்டு கணவன் மட்டும் திரும்பிச் செல்லுதல். நிரந்தர வசிப்பாளர் பற்றிய பொது விதிகள் இங்கு அவளுக்கு எதிராகவே செயல்படுகின்றன. ஓராண்டுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருப்பவர், மறுநுழைவு அனுமதியை முன்னரே பெற்றிருத்தல் வேண்டும். அவ்வனுமதிக்கு அமெரிக்காவில் இருக்கும்போதே விண்ணப்பித்தல் வேண்டும். ஏமாற்றி அழைத்து வரப்பட்டவள் அதனை எவ்வாறு பெற்றிருப்பாள்? தன் விருப்பமின்றியே வெளிநாட்டில் தங்க நேர்ந்தது என மெய்ப்பித்துத் திரும்பும் வசிப்பாளருக்கான விசாவைக் கோரும் வாய்ப்பு உண்டு. ஆயின் மெய்ப்பிக்கும் பொறுப்பு அவளுடையது.

இந்தியாவும் இச்சிக்கலை அறிந்தே உள்ளது. அமெரிக்க நீதிமன்றம் ஒன்று வழங்கிய மணமுறிவை, மனைவி அந்நீதிமன்ற அதிகாரத்தை ஏற்காத நிலையில், ஏற்க இயலாது என 1991-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009-இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 219-ஆம் அறிக்கையில் வெளிநாடுவாழ் இந்தியர்க்கான குடும்பச் சட்டத்தின் தேவையை எடுத்துரைத்தது. அதே ஆண்டில் தேசிய மகளிர் ஆணையத்தில் இதற்கெனத் தனிப் பிரிவு ஏற்பட்டது. வெளிநாடுவாழ் இந்தியரின் மணங்களைப் பதிவு செய்வதற்கான சட்ட வரைவு 2019-இல் மாநிலங்களவையில் கொணரப்பட்டது, சட்டமாகவில்லை. 2024-இல் சட்ட ஆணையத்தின் 287-ஆம் அறிக்கை விரிவான சட்டத்தை மீண்டும் பரிந்துரைத்தது. கைவிடப்பட்ட மனைவிக்கு ஒரு நாட்டில் மண உரிமையும், மற்றொரு நாட்டில் வசிப்புரிமையும் உள்ளன. இரண்டு நாட்டுச் சட்டங்களும் ஒன்றையொன்று நோக்காமையால், இரண்டும் அவளுக்குப் பயன்படாமற் போகின்றன.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

மணமான பெண்ணின் சட்ட இருப்பு கணவனுக்குள் அடங்கும் என்ற பழைய கோட்பாடு 1922-இல் குடியுரிமைச் சட்டத்திலிருந்து விலகத் தொடங்கியது. ஆயினும் 1924 முதல் குடியேற்ற மனுவின் வடிவில் அது தொடர்ந்தது.

1986-ஆம் ஆண்டின் சட்டம், ஐயத்தை அடிப்படையாகக் கொண்டு அக்கோட்பாட்டை வலுப்படுத்தியது. அதன் கொடிய விளைவுகளே பின்னர் வந்த காப்பு விதிகளுக்குக் காரணமாயின.

1990, 1994, 2000, 2005 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள், முந்தைய சட்டம் விட்டுவைத்த இடைவெளியை ஒவ்வொன்றாக அடைத்தன. அவ்விடைவெளிகளை முதலில் கண்டறிந்தவர்கள் கொடுமைக்கு ஆளான பெண்களும் அவர்களுக்கு அடைக்கலம் அளித்த அமைப்புகளும் ஆவர்.

எனினும் காப்பின் படிநிலை கணவனின் படிநிலையையே பின்பற்றுகிறது. குடிமகனின் மனைவிக்கு விரைந்த வழி. நிரந்தர வசிப்பாளரின் மனைவிக்கு வரிசை. வேலை விசாதாரரின் மனைவிக்கு வேலை அனுமதி மட்டும். இம்மூவரும் பெற்ற காயம் ஒன்றே. இந்தியப் பெண்களுள் பலர் மூன்றாம் நிலையில் உள்ளமையால், மகளை அயல்நாட்டுக்கு மணம் முடித்து அனுப்பும் குடும்பங்கள் மாப்பிள்ளையின் ஊதியத்தை உசாவுவதோடு, அவர் எவ்வகை விசாவில் உள்ளார் என்பதையும், தம் மகளுக்கு அவ்விசா எவ்வுரிமைகளை அளிக்கும் என்பதையும் உசாவி அறிதல் வேண்டும். மனுவின் உரிமையை மனைவியின் கையில் ஒப்படைக்கத் தொடங்கிய 1994-ஆம் ஆண்டின் சட்டம், அப்பணியை இன்னும் முழுமையாக முடிக்கவில்லை.